கோழிக்கூடும் அண்டை வீடும்

வீட்டுக் கொல்லையில் நான்கு கோழிகள் வளர்ப்பது சட்டத்தோடு தொடர்புடைய செயலாக நம்மில் பலருக்குத் தோன்றுவதே இல்லை. கிராமத்தில் கோழி பகலெல்லாம் குப்பைமேட்டைக் கிளறும். பொழுது சாய்ந்ததும் தானே வீடு திரும்பும். வீட்டிலுள்ளோர் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடுவார்கள். அத்துடன் அன்றைய கவலை தீர்ந்தது. அந்தப் பஞ்சாரம் அண்டை வீட்டுச் சன்னலுக்கு எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று எவரும் கயிறு பிடித்து அளப்பதில்லை. ஆனால் ஊர் வளர்ந்து நகரமாகிறது. தோப்பாக இருந்த இடம் மனைகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு வீட்டுச் சமையலறையும் மற்றொரு வீட்டுப் படுக்கையறையும் ஒரே மதிலின் இருபுறமும் அமைந்துவிடுகின்றன. அப்போது, அளக்க வேண்டிய நாளும் வந்துவிடுகிறது.

உலகத்தின் பல நகரங்களில், குடியிருப்போர் தம் கோழிக்கூட்டை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கலாகாது என்பதற்கு எழுத்து வடிவில் விதிகள் இருக்கின்றன. அவ்விதிகள் என்ன சொல்லுகின்றன, ஏன் அவ்வாறு சொல்லுகின்றன, அவற்றால் நன்மை அடைவோர் யார், இழப்போர் யார் என்பவற்றை இங்கே ஆராய விரும்புகிறேன். கோழிக்கூடு சிறு பொருள்தான். எனினும், பலர் அடுத்தடுத்து வாழும் இடத்தில் ஒருவர் உரிமையும் மற்றவர் உரிமையும் எந்த இடத்தில் சந்திக்கின்றன என்னும் பெரிய கேள்வி அதற்குள் அடங்கியிருக்கிறது. குடிமைப் பயிற்சி நூலில் பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட, இத்தகைய ஒரு சிறு பொருளை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தால் மாணவர்களுக்கு விஷயம் நன்கு விளங்கும் என்பது என் நம்பிக்கை.

முதலில், விதி ஏதும் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அங்கும் சட்டம் இல்லாமல் இல்லை. நம் நாட்டில் 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 'பொதுத் தொல்லை' என்பதற்கு இலக்கணம் வகுத்தது. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சம்ஹிதையும் 270ஆம் பிரிவில் அதே கருத்தைக் கூறுகிறது. பொதுமக்களுக்கோ, அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கோ பொதுவான கேடு, ஆபத்து, அல்லது தொந்தரவு விளைவிக்கும் சட்டவிரோதமான செயல் பொதுத் தொல்லையாகும். அத்தகைய தொல்லையை அகற்றுமாறு ஆணையிடுவதற்கு மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. அக்கம்பக்கத்தாருக்குப் பொதுவாக இன்றி, ஒரு வீட்டாருக்கு மட்டும் தொல்லை என்றால், அவர்கள் உரிமையியல் நீதிமன்றத்தை நாடித் தடை கேட்கலாம்.

இதில் ஒரு குறை உண்டு. 'தொல்லை' என்ற சொல்லை அளக்க அளவுகோல் இல்லை. கோழி கொக்கரிப்பது ஒருவருக்கு இன்பமாயிருக்கும், மற்றொருவருக்குத் தலைவலியாயிருக்கும். வழக்குத் தொடுத்து, சாட்சி சொல்லி, தீர்ப்பு வரும்வரை, தாம் செய்தது சரியா தவறா என்று வளர்ப்பவருக்கும் தெரியாது. பொறுத்துக்கொள்ள வேண்டுமா வேண்டாமா என்று அண்டை வீட்டாருக்கும் தெரியாது. தீர்ப்பு வருவதற்குள் இரண்டு குடும்பங்களும் முகம் பார்ப்பதை நிறுத்திவிடும். இந்தக் குறையைப் போக்கவே தூர விதி பிறந்தது. சண்டை தோன்றிய பிறகு 'இது தொல்லையா?' என்று கேட்பதற்குப் பதிலாக, கூடு கட்டுவதற்கு முன்பே 'இத்தனை அடி விலகியிருக்கிறதா?' என்று கேட்கச் செய்கிறது அது. முதற் கேள்விக்கு விடை சொல்ல நீதிபதி வேண்டும். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல ஓர் அளவு நாடா போதும்.

இத்தகைய விதிகளுள் தெளிவான ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தைத் தலைநகராகக் கொண்ட நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தில், உள்ளாட்சிப் பொது ஒழுங்குவிதிகள் 2021ஆம் ஆண்டில் புதுப்பித்து வெளியிடப்பட்டன. அவற்றின் இரண்டாம் அட்டவணையில் விலங்குகளையும் பறவைகளையும் வளர்ப்பதற்கான நியமங்கள் இருக்கின்றன. கோழியையும் கினிக்கோழியையும் ஒரு குடியிருப்பு, பொது மண்டபம், பள்ளிக்கூடம், உணவுப்பொருள் தயாரிக்கும் அல்லது விற்கும் இடம் ஆகியவற்றிலிருந்து 4.5 மீட்டருக்குள் வைத்திருக்கலாகாது. வாத்து, வான்கோழி முதலிய மற்ற வளர்ப்புப் பறவைகளுக்கு அந்தத் தூரம் 30 மீட்டர். நகர்ப்புறங்களில் பன்றிக்கு 60 மீட்டர். கோழி அடையும் சட்டங்களுக்குக் கீழே உள்ள தரை சிமெண்டுக் கலவையாலோ தாராலோ பாவப்பட்டிருக்க வேண்டும். ஆனால் குடியிருப்பிலிருந்து 15.2 மீட்டருக்கு அப்பால் கூடு இருந்தாலும், சுத்தமான மணல்மீது அமைந்திருந்தாலும் அந்த நிபந்தனை இல்லை. கோழி வெளியே தப்பிச் செல்லாதபடி அடைப்பு வேண்டும். இடம் எப்பொழுதும் தூய்மையாகவும் துர்நாற்றம் இன்றியும் இருக்க வேண்டும்.

இந்த எண்களை உற்றுநோக்குங்கள். 15.2 மீட்டர் என்பது விசித்திரமான எண்ணாகத் தோன்றுகிறதல்லவா? அதை அடிக்கணக்கில் மாற்றினால் 50 அடி வருகிறது. 4.5 மீட்டர் ஏறத்தாழ 15 அடி. 30 மீட்டர் ஏறத்தாழ 100 அடி. 60 மீட்டர் ஏறத்தாழ 200 அடி. ஆஸ்திரேலியா 1970களில் மெட்ரிக் முறைக்கு மாறியது. மீட்டர் உடையை உடுத்திக்கொண்டாலும், உள்ளே இருப்பவை பழைய அடிக்கணக்குகளே. சட்டப் புத்தகத்தில் ஒற்றைப்படையான ஓர் எண்ணைக் கண்டால், அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கும் என்று மாணவர்கள் ஐயுற வேண்டும்.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். கோழிக்கு 15 அடி, வாத்துக்கு 100 அடி, பன்றிக்கு 200 அடி என்று ஏணிப்படி போல் தூரம் ஏறிக்கொண்டே போகிறது. உயிரினத்தின்மேல் வெறுப்போ விருப்போ இதற்குக் காரணம் அன்று. எந்த உயிர் எவ்வளவு ஈரமும் நாற்றமும் ஓசையும் உண்டாக்கும் என்ற மதிப்பீடே இதற்கு அடிப்படை. மேலும், ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு 15 அடி போதாது என்று கண்டால், உள்ளூர் மன்றம் அதனினும் மிகுதியான தூரத்தை விதிக்கலாம் என்று அந்த விதியே இடம் தருகிறது. எண் கட்டுப்படுத்துகிறது; ஆனால் இடத்துக்கேற்ற தீர்ப்பை அது முற்றிலும் விலக்கிவிடவில்லை.

இனி, கூட்டைத் தள்ளி வைக்கவேண்டிய காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற்காரணம் நாற்றம். பறவைகள் சிறுநீரைத் தனியே கழிப்பதில்லை. கோழி எச்சத்தின்மேல் வெண்மையாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது யூரிக் அமிலம். எச்சம் உலர்ந்திருக்கும்வரை அதில் நாற்றம் குறைவு. ஈரம் பட்டால் நுண்ணுயிர்கள் பெருகி அந்த யூரிக் அமிலத்தைச் சிதைத்து அம்மோனியாவை வெளிவிடுகின்றன. மூக்கைத் துளைப்பதும் கண்ணை எரிப்பதும் அந்த அம்மோனியாதான். ஆகவே நாற்றத்துக்குப் பகை தூரம் மட்டுமன்று; வறட்சியும் அதற்குப் பகை. பாவிய தரையையோ மணல் தரையையோ விதி கேட்பதன் பொருள் இப்போது விளங்கும். பாவிய தரையைச் சுரண்டிக் கழுவலாம். மணல் ஈரத்தைக் கீழே இறக்கிவிடும். களிமண் தரையோ எச்சத்தையும் நீரையும் சேர்த்துக் குழைத்து வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது காரணம் ஈ. வெப்பமான பருவத்தில் வீட்டு ஈயின் முட்டை, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, ஈயாகப் பறப்பதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். வாரத்துக்கு இரண்டு முறை எச்சத்தை அகற்றி மூடிய குழியில் இட்டு மக்கச் செய்தால், முட்டை ஈயாவதற்குள் அதன் இருப்பிடம் போய்விடும். பதினைந்து நாள் அப்படியே விட்டுவிட்டாலோ, 15 அடி என்ன, 50 அடி தள்ளிவைத்தாலும் ஈ பறந்து வரும். சிறகுடைய பிராணிக்கு மதில் ஒரு தடையன்று.

மூன்றாவது, எலி. எலி கோழியைத் தேடி வருவதைவிடக் கோழித் தீவனத்தைத் தேடி வருவதே மிகுதி. இரவில் சிந்திக் கிடக்கும் கம்பும் சோளமும் அதற்கு விருந்து. கூட்டை மதிலோடு ஒட்டி வைத்தால் கூட்டுக்கும் மதிலுக்கும் இடையே உள்ள இருண்ட சந்து எலி வளைக்கு ஏற்ற இடமாகிறது. சுற்றிலும் ஆள் நடந்து பெருக்கும் அளவுக்கு இடைவெளி இருக்குமானால் எலிக்கு அங்கே இடமில்லை. ஆகவே, மதிலிலிருந்து சில அடியாவது விலகியிருக்க வேண்டும் என்பது அண்டை வீட்டாருக்கு மட்டுமன்றி வளர்ப்பவருக்கும் நன்மை தருவதாகும்.

நான்காவது, ஓசை. இங்கேதான் தூரம் தோற்றுப்போகிறது. திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் ஒலியின் அளவு 6 டெசிபல்தான் குறையும் என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். சேவலின் கூவலோ மிக உரத்தது. 15 அடியை 30 அடியாக்கினாலும் உறங்குபவர் விழித்துக்கொள்ளத்தான் செய்வார். இங்கிலாந்தில் 1936இல் லீமன் எதிர் மாண்டேகு என்றொரு வழக்கு நடைபெற்றது. ஒரு பண்ணையார் ஏறத்தாழ 750 சேவல்களை வளர்த்தார்; அவை பின்னிரவு 2 மணி முதலே கூவத் தொடங்கின. வழக்காடியவர் வீட்டுக்கும் சேவல்கள் இருந்த தோப்புக்கும் இடையே ஏறத்தாழ 100 கஜ தூரம் இருந்தது. அப்படியிருந்தும் அது தொல்லையே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சேவலை இருட்டில் மூடி வைத்தால் கூவாது என்று சிலர் எண்ணுகிறார்கள். 2013இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இருவர், வெளிச்சம் மாறாத அறையில் சேவல்களை வைத்து ஆராய்ந்தனர். விடியலைக் காணாமலேயே சேவல்கள் ஏறத்தாழ ஒரு நாளுக்கு ஒரு முறை வரும் ஒழுங்கில் கூவின. சேவலின் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது என்பது அதனால் உறுதியாயிற்று. கூண்டை மூடலாம், கடிகாரத்தை நிறுத்த முடியாது. அதனால்தான் பல நகரங்கள் பெட்டைக்குத் தூரத்தை விதித்து, சேவலுக்கு முற்றிலும் தடை விதித்திருக்கின்றன. நியூயார்க் நகரில் பெட்டைக்கோழி வளர்க்கலாம். சேவலும் வாத்தும் வான்கோழியும் வளர்க்கலாகாது. பெட்டைக்கோழி முட்டையிடுவதற்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிப்பதற்குத்தான் தேவை. ஆகவே முட்டைக்காக வளர்ப்பவருக்கு இந்தத் தடையால் பெரிய இழப்பு இல்லை.

காரணங்களைப் பார்த்தோம். இனி, தூரத்தை எங்கிருந்து எங்கே அளப்பது என்னும் கேள்விக்கு வருவோம். இது அற்பமான கேள்வி என்று நினைக்க வேண்டா. அமெரிக்க நாட்டில் இதை ஒவ்வொரு நகரமும் தானே முடிவு செய்துகொள்கிறது. சியாட்டில் நகரம் 2010இல் தன் விதியைத் திருத்தி, மூன்று கோழிக்குப் பதிலாக எட்டுக் கோழி வரை வளர்க்க இடம் தந்தது. கூடு அடுத்த மனையிலுள்ள குடியிருப்புக் கட்டடத்திலிருந்து 10 அடி விலகியிருக்க வேண்டும் என்றது. மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரம் 2008இல் நான்கு பெட்டைகளுக்கு இடம் தந்தபோது, மனையின் எல்லையிலிருந்து 10 அடியும், அண்டை வீட்டிலிருந்து 40 அடியும் கேட்டது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் வளர்ப்பவரின் சொந்த வீட்டிலிருந்து 20 அடியும், அண்டை வீட்டிலிருந்து 35 அடியும் கேட்கிறது. கூவும் சேவலானால் 100 அடி.

மாணவர்கள் இப்பொழுது ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளட்டும். ஒரு கிரவுண்டு மனையை வரையுங்கள். அகலம் 40 அடி, நீளம் 60 அடி. தெருப்பக்கம் 10 அடி விட்டு, 30 அடி நீளத்துக்கு வீடு. பின்னால் 20 அடி கொல்லை. அதன் முடிவில் மதில். மதிலுக்கு அப்பால் 5 அடியில் பின்தெருக்காரர் வீட்டுச் சுவர். ஆகவே நம் வீட்டின் பின்சுவருக்கும் அவர்கள் வீட்டுச் சுவருக்கும் இடையே உள்ள தூரம் 25 அடி. இரு பக்கத்து வீடுகளும் நம் வீட்டின் வரிசையிலேயே நிற்கின்றன என்று கொள்வோம். 4 அடிச் சதுரமான ஒரு கூட்டைக் கொல்லையின் அகலத்துக்கு நடுவே வைத்தால் பக்கத்து வீடுகள் 20 அடிக்கு மேல் விலகியே இருக்கும். அவற்றைப் பற்றிய கவலை இப்போதைக்கு வேண்டா. முன்னும் பின்னும் மட்டும் கணக்கிடுவோம்.

சியாட்டில் விதிப்படி அண்டை வீட்டிலிருந்து 10 அடி போதும். 25 அடியில் 10 அடியைக் கழித்து, கூட்டுக்கு 4 அடியையும் கழித்தால், எஞ்சுவது 11 அடி. கூட்டை முன்னே பின்னே நகர்த்தி வைக்கவும் இடம் இருக்கிறது. சிட்னியில் விதி 'குடியிருப்பு' என்று சொல்கிறதேயன்றி 'அண்டை வீடு' என்று சொல்லவில்லை. நம் சொந்த வீட்டையும் குடியிருப்பாகக் கொண்டால், முன்னே 15, கூடு 4, பின்னே 15, ஆக 34 அடி வேண்டும். நம்மிடம் இருப்பதோ 25. கோழி வளர்க்க முடியாது. அண்டை வீட்டை மட்டும் கணக்கிட்டால் 15ம் 4ம் 19, இடம் இருக்கிறது. ஒரே ஒரு சொல்லின் பொருள், கோழி உண்டா இல்லையா என்று தீர்மானித்துவிடுகிறது! ஆன் ஆர்பர் விதிக்கு 40 அடி வேண்டும். 25 அடிக்குள் அது அடங்காது. லாஸ் ஏஞ்சலஸ் விதிக்கு 20ம் 4ம் 35ம் சேர்ந்து 59 அடி வேண்டும். நம் மனையின் மொத்த நீளமே 60 அடிதான்.

இந்தக் கணக்கு நமக்குக் கற்பிக்கும் பாடம் யாது? தூர விதி பார்வைக்கு நடுநிலையானது. அது எவர் பெயரையும் சொல்வதில்லை. செல்வர், வறியவர் என்று பிரிப்பதில்லை. ஆனால் 40 அடி விலகியிரு என்று சொல்லும்போது, 40 அடி நிலம் இல்லாதவனுக்குக் கோழி இல்லை என்று அது சொல்லாமல் சொல்கிறது. பெரிய தோட்டம் உடையவர் பொழுதுபோக்குக்காகக் கோழி வளர்க்கலாம். ஓர் அறையும் ஒரு முற்றமும் மட்டும் உடைய குடும்பத்தில், தினம் இரண்டு முட்டையைக் குழந்தைகளுக்குக் கொடுத்து, எஞ்சியதை விற்று உப்பும் புளியும் வாங்க நினைக்கும் தாய் வளர்க்க முடியாது. நாற்றமும் ஈயும் வராமல் தடுப்பதற்காக எழுந்த விதி, தேவைக்கு மேல் நீண்டுவிட்டால், எவருக்குக் கோழி மிகவும் வேண்டுமோ அவரிடமிருந்தே அதைப் பறித்துவிடுகிறது. தூரத்தை நிர்ணயிப்பவர் மறவாமல் நினைக்க வேண்டியது இது.

இங்கிலாந்து நாட்டார் இதை ஒரு முறை நினைத்துப் பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கே முட்டைக்குப் பங்கீடு இருந்தது. 1953இல்தான் அது நீங்கிற்று. அக்காலத்தில் ஏராளமான குடும்பங்கள் தம் முட்டைப் பங்கை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாகத் தீவனம் பெற்று, வீட்டிலேயே கோழி வளர்த்தன. ஆனால் பல வாடகை ஒப்பந்தங்களில் 'கோழி வளர்க்கலாகாது' என்ற நிபந்தனை இருந்தது. 1950ஆம் ஆண்டில் இயற்றிய தோட்டநிலச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அந்த நிபந்தனைகளைச் செல்லாதவையாக்கிற்று. வியாபாரத்துக்காக அன்றி, ஒருவர் தாம் குடியிருக்கும் நிலத்தில் பெட்டைக்கோழியும் முயலும் வளர்க்கலாம்; ஒப்பந்தம் அதைத் தடுக்க முடியாது என்றது. ஆனால் உடல்நலத்துக்குக் கேடாகவோ பிறருக்குத் தொல்லையாகவோ வளர்ப்பதற்கு அது உரிமை தரவில்லை. சேவலுக்கும் அது பாதுகாப்பு அளிக்கவில்லை. ஒரே பிரிவில் எளியவர் உரிமையையும் அண்டை வீட்டார் உறக்கத்தையும் காத்த அந்தச் சட்டத்தின் நுட்பம் பாராட்டத் தக்கது.

இடத்தின் இயல்பையும் கருத வேண்டும். பிரான்சு நாட்டில் ஒலெரோன் என்னும் தீவில், மொரீஸ் என்று பெயரிடப்பட்ட ஒரு சேவல் விடியலில் கூவுகிறது என்று, அங்கே விடுமுறைக்கு வந்து தங்கும் வீட்டார் வழக்குத் தொடுத்தனர். 2019 செப்டம்பரில் நீதிமன்றம் சேவலின் பக்கம் தீர்ப்பளித்தது. அதன்பின் 2021 ஜனவரியில், நாட்டுப்புறத்துக்கு உரிய ஒலிகளும் மணங்களும் அந்நிலத்தின் மரபுச் செல்வத்தைச் சேர்ந்தவை என்று ஏற்கும் சட்டம் ஒன்று அந்நாட்டில் நிறைவேறியது. நகரத்துச் சந்தில் தொல்லையாவது, நாட்டுப்புறத்தில் வாழ்க்கையின் ஒலியாகிறது. ஆகவே, ஒரு நாடு முழுவதற்கும் ஒரே அடிக்கணக்கை எழுதிவைப்பது அறிவுடைமை ஆகாது. இத்தகைய விதிகளை ஊர் மன்றங்களிடம் விட்டிருப்பதன் காரணம் அதுவே.

நோயைப் பற்றியும் ஒரு சொல். கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் நோயை நம் நாட்டில் இராணிக்கெட் நோய் என்றும் வழங்குகிறோம். இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கெட் என்னும் ஊர்ப் பெயரால் வந்த வழக்கு அது. பறவைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதல் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் காணப்பட்டது. ஓரிடத்தில் பறவைக்காய்ச்சல் உறுதியானால், அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள கோழிகளை அழித்தும், பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணித்தும் நோயைத் தடுப்பது நம் அரசின் திட்டம். இங்கே 15 அடியும் 40 அடியும் பொருளற்றவை. கிலோமீட்டர்க் கணக்கில் பரவும் நோய்க்கு வேறு வகையான விதி வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 அக்டோபர் 1 முதல், ஒரே ஒரு கோழி வளர்ப்பவரும் அரசில் பதிவு செய்துகொள்ள வேண்டும்; முன்னர் ஐம்பது கோழியோ அதற்கு மேலோ இருந்தால்தான் பதிவு கட்டாயமாக இருந்தது. நோய் வரும்போது எந்த வீட்டில் கோழி இருக்கிறது என்று அறிந்தால்தான் எச்சரிக்கை அனுப்ப முடியும் என்பது அதன் நோக்கம்.

நம் நாட்டில், வியாபாரப் பண்ணைகளுக்கென்று தனி நெறிகள் இருக்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் வெளியிட்ட கோழிப்பண்ணை வழிகாட்டு நெறிகள், ஐயாயிரம் பறவைகளும் அதற்கு மேலும் உள்ள பண்ணைகளைக் கருதியவை. புதுப் பண்ணை குடியிருப்புப் பகுதியிலிருந்து 500 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைகளைப் பார்த்தவர்களுக்கு அதன் தேவை எளிதில் விளங்கும். கொல்லையில் நான்கு கோழி வளர்ப்பவர் அந்த நெறிகளுக்கு உட்பட்டவர் அல்லர். அவருக்கு முன்னே சொன்ன பொதுத் தொல்லைச் சட்டமும், அவரவர் ஊர் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி ஆகியவற்றின் விதிகளுமே பொருந்தும். உள்ளூர் விதிகள் ஊருக்கு ஊர் வேறுபடக்கூடியவை. தம் ஊர் அலுவலகத்துக்குச் சென்று, 'வீட்டில் கோழி வளர்ப்பதற்கு விதி என்ன?' என்று கேட்டு எழுதி வருவதை மாணவர்கள் ஒரு பயிற்சியாகவே மேற்கொள்ளலாம். உள்ளாட்சி என்பது எங்கோ உள்ள அதிகாரம் அன்று, நம் தெருமுனையில் உள்ள அலுவலகம் என்பது அப்போது புலப்படும்.

சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் நிறைந்த நம் நகரத் தெருக்களில், 40 அடியையோ 35 அடியையோ அப்படியே கொண்டுவந்து விதித்தால், பெரும்பாலோர் கோழியைக் கைவிட வேண்டியதுதான். ஆகவே நமக்கு ஏற்ற விதி குறைந்த தூரமும் மிகுந்த தூய்மையும் கேட்பதாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பெட்டைகளின் எண்ணிக்கை நான்கைந்துக்குள் இருக்கட்டும். நெருக்கமான தெருவில் சேவல் வேண்டா. கூடு அண்டை வீட்டுச் சன்னலுக்கும் சமையலறைக்கும் கிணற்றுக்கும் நேர் எதிரே இல்லாமல், மதிலை ஒட்டாமல், சுற்றிப் பெருக்க இடம் விட்டு இருக்கட்டும். மழைநீர் உள்ளே புகாதபடி தரையைச் சற்று உயர்த்தி, மணலோ உமியோ பரப்பி, ஈரமானதை அவ்வப்போது மாற்ற வேண்டும். வாரம் இரு முறை எச்சத்தை அகற்ற வேண்டும். மாலையில் எஞ்சிய தீவனத்தைத் தகரப்பெட்டியில் இட்டு மூட வேண்டும். இவற்றுக்குப் பணம் அதிகம் வேண்டா; கைம்முயற்சி வேண்டும். நிலம் இல்லாதவரிடம் நிலத்தைக் கேட்கும் விதியைவிட, எல்லாரிடமும் உள்ள முயற்சியைக் கேட்கும் விதியே நியாயமானது.

அண்டை வீட்டாருக்கும் ஒரு கடமை உண்டு. கூடு தூய்மையாக இருந்து, தூரமும் முறையாக விடப்பட்டிருக்குமானால், முட்டையிட்ட பெட்டை கொக்கரிப்பதைப் பொறுத்துக்கொள்வது அவர் கடமை. தொல்லை உண்மையாகவே இருந்தால், மனு எழுதுவதற்கு முன் மதிலோரம் நின்று ஒரு வார்த்தை சொல்வது முறை. விதி எழுதப்பட்டிருப்பது மனிதர்கள் பேசுவதை நிறுத்துவதற்காக அன்று. சரியாகப் பேசுவதற்கு ஓர் அடிப்படை தருவதற்காகவே.

தூரம் தூய்மைக்கு மாற்று அன்று. தூய்மை தூரத்துக்கு முழு மாற்றும் அன்று. இரண்டையும் சேர்த்து, ஊரின் நெருக்கத்தையும் எளியவர் தேவையையும் எடைபோட்டு வகுக்கும் விதியே நிலைத்து நிற்கும். நாளை உங்களில் சிலர் நகர மன்றத்தில் உறுப்பினராகவும் அதிகாரியாகவும் அமரக்கூடும். ஓர் எண்ணை விதியாக எழுதும் நேரம் வரும்போது, இன்று வரைந்த மனைப்படத்தைப் போல் ஒன்றை வரைந்து, உங்கள் ஊரில் மிகச் சிறிய மனையில் வாழும் குடும்பத்துக்கு அந்த எண் என்ன செய்யும் என்று அளந்து பாருங்கள். அதன்பின் கையெழுத்திடுங்கள்.